கன்னி ராசிக்கு ஆதரவு

என் அக்காவின் வீட்டுக்காரர் ராகு காலத்தில் எதையும் தொடங்கமாட்டார். புதுச் சட்டை போடமாட்டார், பைக்குக்குப் பெட்ரோல் அடிக்கமாட்டார், கடையில் ஒரு பிரஷ்கூட வாங்கமாட்டார். அக்காவை அடிப்பதற்கு மட்டும் அவருக்கு நல்ல நேரம், கெட்ட நேரம் என்று எதுவும் கிடையாது.

அவர் போலீஸ்காரர். சீசன் மாதங்களில் அருவிக்கரையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலை. அவரும் அக்காவும் குடியிருந்தது குற்றாலத்திலேயே, லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு சந்தில். சாரல் விழத் தொடங்கியதும் லாட்ஜுகள் நிரம்பிவிடும். வேனுக்கு வேன் பாட்டு அலறும், உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு ஆட்கள் சந்தில் ஆடிக்கொண்டே போவார்கள். அந்த இரைச்சலில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கத்தினால் யாருக்கும் கேட்காது. ஊரெல்லாம் சாரலுக்குக் காத்துக் கிடக்கும்போது நான் மட்டும் அது வரவே கூடாது என்று வேண்டிக்கொள்வேன். சீசனில்தான் அடி கூடும்.

நான் இலத்தூரில் அப்பாவோடு இருக்கிறேன். சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மொபைல் செயலிகள் எழுதுகிறேன். அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அம்மா போய்விட்டாள். அதன்பிறகு எனக்குத் தலை சீவிவிட்டதும், டிபன் கட்டிக் கொடுத்ததும், பெரியவளானபோது பக்கத்தில் இருந்ததும் அக்காதான். எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும் என்பதும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். நான் எறிந்ததையெல்லாம் பொறுக்கி வைத்தவள் அவள்.

அவள் ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது நான் அவள் தலைக்கு எண்ணெய் வைத்தேன். முடிக்குள் விரல் போனதும் ஒரு இடம் கட்டியாகத் தட்டுப்பட்டது. விலக்கிப் பார்த்தேன். தையல் போட்ட தழும்பு.

"அலமாரிக் கதவு இடிச்சிட்டுட்டி," என்றாள்.

"எத்தன அலமாரிக்கா இருக்கு ஒங்க வீட்டுல?" என்று கேட்டு, அவள் ரவிக்கையின் கழுத்தை லேசாகக் கீழே இறக்கினேன். முதுகில் பெல்ட்டின் கொக்கி பதிந்திருந்தது. எண்ணெய்ப் பாட்டிலைச் சுவரில் அடித்தேன். அது உடைந்து அறை முழுக்க எண்ணெய் ஓடியது. அக்கா எழுந்து போய்த் துணி கொண்டுவந்து துடைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அப்பா அவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். மாமனாரிடம் "சரி மாமா, சரி மாமா" என்று தலையாட்டியவர், அப்பாவின் வண்டி தெருமுனை திரும்புமுன் கதவைச் சாத்தினாராம். புகார் கொடுக்கலாம் என்றேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்கன போய்க் குடுக்க? எல்லாரும் அவுக சேக்காளி. நான் வீட்ட விட்டு எறங்குனா அப்பா மேல கஞ்சா கேஸ் போடுவேன்னு சொல்லுதாக. செய்வாகட்டி. நீ வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு."

சும்மா இருப்பது எனக்கு வராது. ஆனால் அவர் போலீஸ். தினமும் வேலை முடிந்து வந்ததும் அக்காவின் போனை வாங்கி, யாருக்குப் பேசினாள், என்ன எழுதினாள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அடி விழும்போது எங்களுக்குச் சொல்ல அவளுக்கு ஒரு வழி வேண்டும். சொன்னது அவர் கண்ணில் படவும் கூடாது. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அதைச் செய்தேன்.

பார்ப்பவர்களுக்குச் செயலி என்பது ஒன்று. எழுதுகிற எங்களுக்கு அது இரண்டு. கண்ணுக்குத் தெரியும் திரை ஒன்று. திரையை மூடினாலும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பகுதி இன்னொன்று, அதை சர்வீஸ் என்போம். செங்கோட்டைப் பக்கத்துப் புரோட்டாக் கடைகளில் கல்லில் நிற்கும் மாஸ்டர் மேஜைக்கு வந்து இலையில் கைவைக்கமாட்டார். உள்ளிருந்து குரல் கொடுப்பார், சப்ளையர் போய் எடுத்து வருவார். சர்வீஸும் அப்படித்தான். அது திரையைத் தானே தொடக் கூடாது, தொட்டால் செயலி அங்கேயே செத்து விழும். அது சேதி மட்டும் அனுப்பலாம். திரை திறந்திருந்தால் வாங்கிக்கொள்ளும். மூடியிருந்தால் சேதி வீணாகப் போகும். அதனால் சேதியை ஓரிடத்தில் எழுதிவைத்து, திரை எப்போது விழிக்கிறதோ அப்போது படித்துக்கொள்ளட்டும் என்று விடுவோம்.

கம்பெனியில் என் பிழைப்பே பின்னால் நடப்பதை முன்னால் சொல்லவைப்பதுதான். இறங்கிக்கொண்டிருக்கிறது, முடிந்தது, போய்ச் சேர்ந்தது என்று எதையும் மறைக்காமல் காட்ட வேண்டும். அக்காவுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். பின்னால் நடப்பது முன்னால் தெரியவே கூடாது, அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிய வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஓயாமல் பின்னால் ஓடும் எதுவும் போனின் உச்சியில் ஒரு அறிவிப்பை வைத்தே ஆக வேண்டும். திருட்டுத்தனமாக ஓட விடமாட்டார்கள். அந்த அறிவிப்பை எடுக்க முடியாது. ஒரு போலீஸ்காரன் தினமும் கையில் வாங்கிப் பார்க்கும் போனில், எடுக்க முடியாத ஒரு அறிவிப்பு எந்நேரமும் நிற்க வேண்டும், அவனுக்குச் சந்தேகமும் வரக் கூடாது. என்னதான் எழுதுவது? இரண்டு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பளிச்சென்று தோன்றியது. ராகு காலம்! எனக்குச் சிரிப்பு வந்து புரை ஏறிவிட்டது. அப்பா என் தலையில் தட்டி, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அப்படித்தான் நான் ஒரு தினசரி நாள்காட்டி எழுதினேன். திதி, நட்சத்திரம், நல்ல நேரம், சூலம், பரிகாரம், எல்லாம் ஒழுங்காக இருக்கும். சூரிய உதயத்தைக் கணக்கிட வேண்டுமே, அதற்காக இருக்குமிடத்தைக் கேட்கும். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மைக்கைத் திறந்தால் திரையில் பச்சைப் புள்ளி வந்துவிடும் என்பதால் ஒலிப்பதிவு வைக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு ஈரத்தை உதறுவோமே, அதுபோல் போனைப் பிடித்து ஓங்கி உதறினால் போதும். பின்னால் இருக்கும் சர்வீஸ் அந்த உதறலைக் கண்டுகொண்டு என் போனுக்குச் சேதி அனுப்பும். என் போன் சங்கு ஊதுவதுபோல் அலறும். அக்கா போனின் திரையில் ஒன்றுமே நடந்திருக்காது.

சேதி வந்துவிட்டது, புறப்பட்டுவிட்டோம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? நாள்காட்டித் தாளின் அடியில் ராசிக்கு ஒரு சொல்லாகப் பலன் போட்டிருப்பார்கள் இல்லையா, செலவு, மறதி, பகை, உயர்வு என்று? அக்கா கன்னி ராசி. ராகு கால அறிவிப்போடு கன்னி ராசியின் பலனையும் சேர்த்து உச்சியில் வைத்தேன். மற்ற நாட்களில் ஏதாவது ஒரு சொல் இருக்கும். நான் என் போனில் பொத்தானை அழுத்தினால் மட்டும் சத்தமில்லாமல் திரை ஒருமுறை வெளிச்சம் காட்டி, "கன்னி: ஆதரவு" என்று மாறும். போன் எட்டாத தூரத்தில் கிடந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் டியூட்டிக்குப் போயிருந்த ஒரு காலையில் குற்றாலத்துக்குப் போய் அதை அக்காவின் போனில் ஏற்றினேன். அவளை உதறச் சொன்னேன். என் போன் அலறியது. பொத்தானை அழுத்தினேன். "கன்னி: செலவு" என்று இருந்தது "கன்னி: ஆதரவு" என்று மாறியது. அக்கா அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, எனக்கு ஆறுதல் சொல்லுததுக்காக இத அமுக்காத. நெசமாவே வாரேன்னா மட்டும் அமுக்கு. வருவியன்னு நெனச்சுக் கெடந்து, வராமப் போனா தாங்கமாட்டேன்."

"வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டுத்தான் அமுக்குவேன்க்கா," என்றேன்.

அதன்பிறகு சங்கு ஊதியபோதெல்லாம் நானும் அப்பாவும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு விருந்தாளியாகப் போய் இறங்கினோம். ஒருமுறை பலாப்பழம், ஒருமுறை நேந்திரங்காய் சிப்ஸ். கதவைத் திறக்கும்போது அத்தானின் கைலி மடிப்புக் கலையாமல் இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும், மூச்சு மட்டும் வாங்கும். அக்கா காபி கொண்டு வருவாள், ஒரு கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு. அவள் முகத்தில் ஒன்றுமே தெரியாது. நான் எழுதிய திரைகூட அவ்வளவு சுத்தமாக மறைத்ததில்லை. அவர் டியூட்டிக்குக் கிளம்பும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்போம். அடி நிற்கும். அன்றைக்கு அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. ஒவ்வொரு முறையும் வண்டியில் திரும்பும்போது அவரை எப்படியெல்லாம் கொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வருவேன். பாறையிலிருந்து தள்ளிவிடுவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"என்ன மாமா, இப்பம் அடிக்கடி இந்தப் பக்கம் வாரிய? ஒரு போன் பண்ணிட்டு வரலாம்லா?" என்று ஒருநாள் அவர் கேட்டார். கேட்டுக்கொண்டே எங்கள் முன்னாலேயே அக்காவின் போனை எடுத்து யார் யாருக்குப் பேசியிருக்கிறாள் என்று தள்ளித் தள்ளிப் பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. ஆனால் போலீஸ் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. யாரையாவது பிடித்தால் முதலில் போனைப் பிடுங்குவார்கள் இல்லையா, அதை வீட்டிலும் ஆரம்பித்தார். முதலில் அக்கா கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பரணில் வைத்துவிடுவார், பிறகுதான் அடிப்பார். சங்கு ஊதுவது நின்றுபோனது. அடி நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அமைதியைப் போல என்னைச் சித்திரவதை செய்தது வேறு எதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதியது. பாய்ந்து எடுத்துப் பார்த்தேன். சேதி அக்காவின் போனிலிருந்து வரவில்லை. எனக்குத் தெரியாத இன்னொரு போன். இடம் அருவிக்கரை. அடுத்த நிமிடம் மறுபடி ஊதியது, மறுபடியும் ஊதியது. அக்காவைத் தவிர யாருக்கும் நான் அந்தச் செயலியைக் கொடுத்ததில்லை. உடனே அக்காவைக் கூப்பிட்டு, சமையல் விசாரிப்பதுபோலப் பேச்சை வளைத்துக் கேட்டேன்.

"அது அவுகளும் ஏத்திக்கிட்டாகட்டி," என்றாள் அக்கா, சாதாரணமாக. "என் போன்லருந்து அனுப்பி எடுத்துக்கிட்டாக. செவுத்துல தொங்குத காலண்டர விட இது கரெக்டா இருக்காம்."

தினமும் சோதனை போடும்போது பார்த்துப் பார்த்து அவருக்கு ராகு காலம் பிடித்துவிட்டது. அவர் அருவிக்கரையில் கூட்டத்தின் மேல் லத்தியை வீசும்போது சட்டைப்பையில் இருந்த போன் உதறியிருக்கிறது. போனுக்கு அடிக்கிறவர் யார், அடிபடுகிறவர் யார் என்று தெரியுமா? உதறலைத்தான் தெரியும். அவர் பையிலிருந்தே எனக்கு ஆபத்துச் சேதி வந்துகொண்டிருந்தது.

என்றாவது ஒருநாள் அவர் அதைக் கண்டுபிடித்தால் அக்காவை உயிரோடு விடமாட்டார். அடுத்த முறை போகும்போது எப்படியாவது அவர் போனிலிருந்து அதை அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த வேலையை அவரே எனக்கு எளிதாக்கினார். அடுத்த முறை அவர் வீட்டில் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தன் போனை என்னிடம் நீட்டினார்.

"ஏட்டி, நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே. இதுல எப்பம் பாத்தாலும் கன்னி ராசியவே மேல காட்டுது. நான் விருச்சிகம்லா? எனக்கு வாரமாதிரி மாத்திக் குடு, பாப்போம்."

நான் இடக்கையால் வாங்கினேன். வலக்கையில் சோறு. நான் எழுதிய செயலி அவர் போனில், என் உள்ளங்கையில் இருந்தது. ஒரு விரல் அழுத்தினால் போய்விடும். நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு, அழிந்துவிட்டது என்று சொன்னால் நம்புவார். அக்கா ரசம் ஊற்ற வந்தாள். கரண்டி பிடித்த அவள் கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை, வீங்கிக் கறுத்திருந்தன. அவர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. "ரசத்துல பெருங்காயம் பத்தல," என்றார்.

மனதுக்குள் அவரைக் கேட்டேன். நீ அடிக்கும்போது அக்காவின் போனைத்தானே பிடுங்குவாய்? உன் போனை யார் பிடுங்குவார்கள்?

"இத மாத்த முடியாது அத்தான். செஞ்சவன் அப்படித்தான் செஞ்சிருக்கான்," என்று திருப்பிக் கொடுத்தேன். "ராகு காலம் கரெக்டா காட்டுதுல்லா, வச்சிக்கோங்க."

வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். அவர் போனிலிருந்து அருவிக்கரைச் சேதி வந்தால் சத்தம் வேண்டாம். அந்த வீட்டிலிருந்து வந்தால் சங்கு ஊத வேண்டும். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் பயந்தே செத்துவிடுவாள்.

வாரக்கணக்கில் எதுவும் வரவில்லை. ஏனென்று பிறகுதான் தெரிந்தது. சட்டை கசங்கக் கூடாது என்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவர் கை ஓங்குவாராம். போன் சட்டைப்பையோடு சுவரில் தொங்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கம்பெனிக் கூட்டத்தில் இருந்தேன். கம்ப்யூட்டரில் பத்துப் பன்னிரண்டு முகங்கள். திரை மூடியிருக்கும்போது வரும் சேதி ஏன் தொலைந்து போகிறது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியது. அவர் போன். குற்றாலம். வீடு.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்ததில் அது பின்னால் சாய்ந்து விழுந்தது. "அப்பா, வண்டி!" என்று கத்தினேன். அப்பா கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடிவந்து பின்னால் ஏறினார். ஹெல்மெட்டைக் கையில் கோத்துக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். சொன்ன சொல் அது.

வழிநெடுக என் பையில் போன் சங்கு ஊதி அதிர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு அதிர்வும் அவர் கை ஒருமுறை ஓங்கி இறங்குவது. எண்ணக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அதிர்வு வரும்போதெல்லாம் அந்தக் கையும் இறுகியது. நான் எதுவும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

இலஞ்சி தாண்டியதும் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. சீசன் கூட்டம். நான் எதிர்ப்பக்கத்தில் ஏறினேன். ஒரு வேனின் பக்கக் கண்ணாடி என் கைப்பிடியில் பட்டு உடைந்தது. டிரைவர் என் அம்மாவை இழுத்துத் திட்டினான். நானும் அவனுக்குக் குறையாமல் திட்டினேன். அப்போது போன் அதிர்வது நின்றது.

அதிர்ந்தபோதுகூட அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று இருந்தது. நின்றபோது என் உயிர் போய்விட்டது. வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு பொத்தானை அழுத்தினேன், மறுபடி மறுபடி அழுத்தினேன். அழுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தச் சேதி அவர் போனுக்குத்தான் போகும், அக்காவின் போன் பரணில் கிடக்கும். தெரிந்தும் விரல் நிற்கவில்லை. "ஓட்டுட்டி!" என்று அப்பா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். ஓட்டினேன்.

சந்தில் ஒரு வேனைச் சுற்றி நின்று ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு காதைப் பிளந்தது. அக்கா வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் அதை உதைத்தேன், அசையவில்லை. வாசலில் காலியான கேஸ் சிலிண்டர் ஒன்றை மாற்றுவதற்காக வைத்திருந்தார்கள். அப்பா அதை இரண்டு கையாலும் தூக்கிக் கதவில் மோதினார். பாட்டு நின்றது. ஆடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு மோதலில் தாழ்ப்பாள் பிய்ந்து கதவு உள்ளே விழுந்தது.

அவர் அடுப்படி வாசலில் யூனிபார்மில், பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். அவர் காலுக்குக் கீழே அக்கா சுவரோரமாக ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. தரையெல்லாம் சோறும் குழம்பும் ரத்தமும்.

"மாமா, இது என் குடும்ப விசயம்..." என்று ஆரம்பித்தார். அப்பா அவரை முடிக்க விடவில்லை. பட்டாளத்தில் கற்றதையெல்லாம் ஒரே குத்தில் அவர் தாடையில் இறக்கினார். அவர் சுவரில் மோதி உட்கார்ந்தார். நான் ஹெல்மெட்டால் அடித்தேன். தலையில், தோளில், மறைக்க வந்த கையில், கிடைத்த இடத்திலெல்லாம் அடித்தேன். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி சிதறியது. மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அது எனக்கு இனிப்பாக இருந்தது. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. "போலீஸ் மேல கைய வைக்கியாட்டி!" என்று அவர் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கத்தினார். அதற்கும் சேர்த்து ஒன்று வைத்தேன். ஈரத்துண்டும் எண்ணெய் உடம்புமாக உள்ளே ஓடிவந்தவர்கள்தான் என்னை இழுத்துப் பிடித்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் கையில் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. கஞ்சா கேஸ் போட யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. எந்தெந்த ஊர்க்காரர்களோ போன போன ஊரிலெல்லாம் அதைப் பரப்பிவிட்டார்கள். சேக்காளிகள் எல்லாரும் ஒரே நாளில் கைகழுவினார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், வழக்கு நடக்கிறது. என் மேலும் அவர் ஒரு புகார் கொடுத்திருக்கிறார், அதுவும் நடக்கிறது. எங்களுக்கு யார் தகவல் சொன்னது என்று விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அக்காவை அடிக்குமுன்பே அவள் போனைத் தரையில் வீசி உடைத்துவிட்டதாக அவரே சொல்லியும் இருக்கிறார். நாங்கள் எங்கள் வக்கீலிடம் சொன்னதோடு சரி. அவருக்கு இன்னும் தெரியாது.

தென்காசியில் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் கையில் கம்பி வைத்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. பேச முடிந்த அன்றைக்கு நான் அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். முடிச்சுகள் சிக்கி வந்தன. மெதுவாக எடுத்தேன். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"கூட்டத்துல வச்சு மேலதிகாரி ஏசிட்டாராம். சாப்பிட வந்தாக. சோறு ஆறிப்போயிருந்துது. சட்டையக் கழத்தக்கூட இல்லட்டி. வந்ததும் என் போன ஒடச்சாக. பொறவு தொடங்குனாக. இன்னைக்கு முடிஞ்சிதுன்னுதான் நெனச்சேன். குனிஞ்சு என் முடியப் புடிக்கும்போது பையிலருந்து அவுக போன் நழுவி என் மூஞ்சிக்கு நேரா விழுந்துது. அவுக அதப் பாக்கல. நான் பாத்துக்கிட்டே கெடந்தேன். திடீர்னு லைட்டு எரிஞ்சுது. கன்னி, ஆதரவுன்னு போட்டிருந்துது. அணைஞ்சுது. மறுபடி எரிஞ்சுது. மறுபடி ஆதரவு."

நான் சீப்பை நிறுத்திவிட்டேன். இலஞ்சியில் வண்டிகளுக்கு நடுவில் நின்று அழுத்தியது அது.

"நீ வண்டியெடுத்துட்டன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள் அக்கா. "எனக்குச் சிரிப்பு வந்துட்டுட்டி. அடக்கத்தான் பாத்தேன், முடியல. வாய்விட்டுச் சிரிச்சிட்டேன். என்னட்டி சிரிக்கன்னு கேட்டுத்தான் விலாவுல மிதிச்சாக."

அதைச் சொல்லும்போது அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. வலி தாங்காமல் நல்ல கையால் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.